விசுவாசத்தின் சிகரம்

ஜூன் 2

வலி: பத்துக்கு ஏழு.

பிசியோ எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். வலி பத்துக்கு எவ்வளவு என்று தினமும் குறிக்க வேண்டுமாம். அன்று என்ன நடந்தது, மனசு எப்படி இருந்தது என்றும் எழுத வேண்டுமாம். அவர் கொடுத்தது ஏதோ மருந்துக் கம்பெனியின் டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மலச்சிக்கல் மருந்துக்கு விளம்பரம். மனசைத் திறந்து கொட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

பெயர் அஞ்சுகம். வயது முப்பத்தொன்று. கடலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பி.டி. டீச்சர். கெடிலம் மகளிர் கால்பந்துக் கழகத்தில் பன்னிரண்டு வருடமாகத் தடுப்பாட்டக்காரி. அதில் ஒன்பது வருடம் கேப்டன். பனியன் எண் ஐந்து. இடது முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது. தொடையிலிருந்து ஒரு துண்டு எடுத்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் ஆடக்கூடாது.

எப்படி அறுந்தது என்று கேட்பவர்களிடம், சேலத்துக்காரி ஒருத்தி மிதித்துவிட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் மிதிக்கவில்லை. பக்கத்தில்கூட யாரும் இல்லை. பந்து வெளியே போன பிறகு திரும்பினேன், டப்பென்று ஒரு சத்தம், விழுந்தேன். அந்தச் சேலத்துப் பெண்தான் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். இதைப் படிக்கப்போவது பிசியோ மட்டும்தான். அவருக்குச் சேலத்தில் சொந்தக்காரர்கள் இல்லை, விசாரித்துவிட்டேன்.

ஜூன் 5

வலி: ஆறு. காலைத் தூக்கி வைத்தால் டிவி தெரியவில்லை. டிவி தெரிகிற மாதிரி உட்கார்ந்தால் காலைத் தூக்க முடியவில்லை.

ஜூன் 11

வலி: ஆறு.

கழகத் தலைவர் ஞானமூர்த்தி வந்திருந்தார். மூன்று கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தக்காரர். எங்கள் அணியை நடத்துவதும் அவர்தான், மண்டபத்தில் மிஞ்சுகிற சாப்பாட்டை எங்களுக்கு அனுப்புவதும் அவர்தான். கோச் தேவசகாயம் சாரும் கூட வந்தார்.

“நீ சாதாரண ப்ளேயர் இல்லம்மா அஞ்சு,” என்றார் தலைவர். “நீ லெஜண்டு. கெடிலம்னா அஞ்சுகம், அஞ்சுகம்னா கெடிலம். உனக்குப் பொங்கல் முடிஞ்சதும் ஒரு பாராட்டு விழா வெக்கப்போறோம். புது மண்டபத்துல. ஏசி ஹால்ல.”

கோச் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போதுதான் மெல்ல, “அந்த அஞ்சாம் நம்பர் பனியன் இருந்தா குடும்மா. இலக்கியாவுக்கு வேணும். இந்த வருஷம் புது செட் எடுக்கல,” என்றார். கொடுத்தேன்.

அவர்கள் போனதும் அம்மா கேட்டாள்: “லெஜண்டுன்னா என்னாடி?”

“ரொம்பப் பெரிய ஆட்டக்காரின்னு அர்த்தம்.”

“அப்ப ஏன் பனியனைப் புடுங்கினு போறாங்க?”

அம்மா முப்பது வருடம் சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணியவள். அவளை ஏமாற்றுவது கஷ்டம்.

ஜூன் 28

வலி: ஐந்து. பிசியோவிடம் மூன்று என்று சொன்னேன்.

ஊன்றுகோலோடு மைதானத்துக்குப் போனேன். ஒரு பாதியில் எங்கள் பெண்கள். மறு பாதியில் டிரைவிங் ஸ்கூல் கார் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக இப்படித்தான். எங்கள் பெண்கள் பந்தோடு சட்டென்று திரும்பக் கற்றுக்கொண்டதில் பாதி அந்தக் காருக்குப் பயந்துதான்.

இலக்கியாவுக்குப் பத்தொன்பது வயது. தேவனாம்பட்டினத்துப் பெண். கார் அவளுக்குப் பயப்படுகிறது. இவ்வளவு வேகமாக ஓடுகிறவளைத் தடுப்பாட்டத்தில் எதற்கு வீணாக்குகிறீர்கள் என்று கோச்சிடம் கேட்டேன்.

“தப்புப் பண்ணாலும் திரும்பி ஓடிப் புடிச்சிடுவா,” என்றார்.

நான் தப்பே பண்ணாமல் இருக்கப் பழகியவள். ஓட்டம் இல்லாதவளுக்கு வேறு வழியில்லை.

தண்ணீர் குடிக்க வந்த இலக்கியா, “யக்கா, உன் பனியன் அக்குள்ல கிழிஞ்சிருக்கு. வேற இல்லியா?” என்றாள். லெஜண்டிடம் பேசுகிற பேச்சா இது?

ஜூலை 19

வலி: நான்கு.

தலைவர் என்னை ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கூட்டிப்போனார். மேடையில் வழக்கம்போல ஒடிசா கதையைச் சொன்னார். பத்து வருடத்துக்கு முன்னால் ஒடிசாவில் ஒரு பெரிய கிளப் என்னைக் கூப்பிட்டதும், கெடிலத்தை விட்டு எங்கேயும் போகமாட்டேன் என்று நான் திரும்பி வந்துவிட்டதும். ஆரம்பத்தில் இந்தக் கதையில் ஒரு கடிதம் மட்டும்தான் இருந்தது. சில வருடத்தில் அந்தக் கிளப்பின் முதலாளியே ஃபோனில் கெஞ்சினார். இன்றைக்கு விமான டிக்கெட் வந்துவிட்டது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த இடத்தில் நான் தலையைக் கொஞ்சம் குனிந்து தரையைப் பார்ப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

கதை ஓரளவுக்கு உண்மைதான். கால் வலிக்கிறது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

ஜூலை 30

கழக அறையில் உட்கார்ந்து ஐஸ் வைத்தேன். எதிர்ச் சுவரில் நாங்கள் முதல்முறை மாநில லீக்குக்குத் தகுதி பெற்றபோது எடுத்த படம். அதில் ஒரு ஆள் இருந்த இடம் மட்டும் ஓட்டை. யாரோ வெட்டியெடுத்துவிட்டார்கள். ஆனால் அவள் கை என் தோள்மேல் கிடந்ததால் அதை மட்டும் வெட்ட முடியவில்லை. ஆள் இல்லாத கை. புதுப் பெண்கள் வரும்போதெல்லாம் யாருடைய கை என்று கேட்பார்கள். “பழைய ப்ளேயர்” என்பேன்.

ஆகஸ்ட் 17

வலி: எட்டு. காலையில் மூன்றுதான் இருந்தது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி வந்திருந்தாள். லூர்துமேரி.

ஒரே தெருவில் வளர்ந்தோம். ஒரே நாளில் கெடிலத்தில் சேர்ந்தோம். அவள் முன்னால் நின்று கோல் அடிப்பாள், நான் பின்னால் நின்று கோல் விழாமல் பார்த்துக்கொள்வேன். பிறகு அவள் அந்த ஒடிசா கிளப்பில் சேர்ந்துவிட்டாள். நாலு மாநிலத்தில் ஆடி, இரண்டு முழங்காலையும் அறுத்துத் தைத்துக்கொண்டு, போன வருடத்திலிருந்து விழுப்புரம் அணிக்குக் கோச்சாக இருக்கிறாள். எந்த அணியோடு அவள் கடலூருக்கு வந்தாலும் டீக்கடை செல்வராசு எழுந்து நின்று “துரோகி!” என்று கத்துவார். ஆட்டம் முடிகிறவரை கத்துவார். அந்த நேரத்தில் நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பேன்.

முழங்காலில் சுற்றிக்கொள்கிற ஐஸ் பை ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

“சேலத்துக்காரி மிதிச்சிட்டாளாமே?”

“ஆமா.”

“வீடியோ பாத்தேன். பத்தடிக்கு ஒரு ஆளும் இல்ல.”

நான் அம்மாவை டீ போடச் சொன்னேன்.

“ஒடிசாவுக்கு இப்ப பிளைட்டு வுட்டுட்டாராமே உங்க தலைவரு?” என்று சிரித்தாள். “நாம போனப்ப ரிசர்வேஷனே கிடைக்கல. கக்கூஸ் பக்கத்துல பேப்பரை விரிச்சு உக்காந்துகினு போனோம்.”

“மெதுவா பேசுடி. அம்மா இருக்கு.”

சிரிப்பு நின்றது. “பத்து வருஷமா உங்கம்மாவுக்கே தெரியாதா?”

டீ வந்துவிட்டது.

செப்டம்பர் 4

வலி: மூன்று. ஊன்றுகோலை விட்டாயிற்று. பள்ளியில் பி.டி. பீரியடை எல்லாம் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். கேட்டால், உங்களுக்குத்தான் கால் சரியில்லையே என்கிறார். எனக்குத்தான் கால் சரியில்லை, பிள்ளைகளுக்கு என்ன?

ஒடிசா பற்றி: ரயிலில் ஏறியது வரைக்கும் உண்மை.

அக்டோபர் 12

வலி: இரண்டு.

பிசியோ எண்ணை மட்டும் பார்த்துவிட்டு டைரியை மூடிவிடுகிறார் என்பது உறுதியாகிவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கடிதம் வந்தது நிஜம். இரண்டு பேருக்கும் வந்தது. சேரச் சொல்லி இல்லை, தேர்வுக்கு வரச் சொல்லி. நான்கு நாள் தேர்வு. மூன்றாம் நாள் முப்பது பேரை ஓடவிட்டார்கள். நான் இருபத்தொன்பதாவதாக வந்தேன். முப்பதாவதாக வந்தவளுக்குக் காய்ச்சல். மறுநாள் காலை பட்டியல் ஒட்டினார்கள். லூர்து பெயர் இருந்தது. அங்கிருந்த கோச் என்னிடம் இந்தியில் என்னவோ நிறையச் சொன்னார். ஒன்றும் புரியவில்லை. கடைசியில் கும்பிட்டார். அது புரிந்தது.

திரும்பி வருகிறேன் என்று மட்டும் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அம்மா கழகத்தில் சொல்லியிருக்கிறாள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினால், தலைவர் ஐந்தாறு பேரோடு ரோஜா மாலை வைத்துக்கொண்டு நிற்கிறார். “எனக்குத் தெரியும்மா, நீ நம்ம கிளப்பை வுட்டுப் போவ மாட்ட. அவ போனாப் போவட்டும், துரோகி” என்று மாலையைப் போட்டார். இரண்டு நாளாக ரயிலில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. நேராகப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். நடுவில் ஒரு இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போது லெக்பீஸ் வந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் விசுவாசி ஆகிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் படத்தை வெட்டினார்கள். வெட்டியது நான் இல்லை. கத்தரிக்கோல் என்னுடையது. கேட்டார்கள், பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 13

வலி: ஏழு. நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் பின்பக்கத்திலிருக்கும் பயிற்சி அட்டவணையும் போய்விடும்.

லூர்துவுக்கு ஃபோன் செய்தேன். இத்தனை வருடம் நீ ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா என்னா ஆவும்? உன் படத்தையும் கிழிப்பானுங்க. ரெண்டு படத்தை எதுக்குக் கிழிக்கணும், ஒண்ணு போதாதா?”

“செல்வராசு கத்தறாரே.”

“எனக்கு அங்க சோறு போட்டாங்க, சம்பளம் குடுத்தாங்க, நாலு ஊரு பாத்தேன். நீ இங்கதான இருந்தாவணும்.” பிறகு, “ஆனா நீ ஒருதடவையாவது தலை நிமிந்து என்னைப் பாத்திருக்கலாம்டி. எவ்ளோ நேரந்தான் லேஸு கட்டுவ?” என்றாள்.

நவம்பர் 30

புயல் எச்சரிக்கை. மைதானம் குளமாகிவிட்டது. டிரைவிங் ஸ்கூலுக்கும் எங்களுக்கும் இன்று சண்டையே இல்லை.

டிசம்பர் 20

வலி: ஒன்று. ஓட ஆரம்பித்துவிட்டேன். அதை ஓட்டம் என்று நான் மட்டும்தான் சொல்கிறேன்.

தலைவர் ஷீல்டைக் காட்டினார். கண்ணாடியில் செதுக்கியிருக்கிறார்கள்: ‘விசுவாசத்தின் சிகரம் அஞ்சுகம்’. விழாவில் எனக்குக் கௌரவ ஆலோசகர் என்று ஒரு பதவியும் உண்டாம். என்ன வேலை என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லம்மா. முன் வரிசைல உக்காரணும்.”

“நான் மார்ச்சுல ஆட வந்துடுவேன் சார்.”

“லெஜண்டெல்லாம் எதுக்கும்மா ஆடணும்?” என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. செத்தவர்களுக்கும் கல்யாணம் ஆகிறவர்களுக்கும் மட்டுமே பேனர் வைத்துப் பழகியவர். நான் இரண்டும் இல்லை.

ஜனவரி 19

வலி குறிக்க மறந்துவிட்டேன்.

நேற்று விழா. இருநூறு பேர் இருக்கும். தாசில்தார் வந்திருந்தார். வாசலில் என் படம் போட்ட பேனர், முகத்தை வெள்ளையாக்கியிருந்தார்கள். எங்கள் பெண்கள் எல்லாரும் சேலை கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். லூர்துவை நான் கூப்பிடவில்லை. ஆனால் விழுப்புரம் அணி சார்பில் ஒரு சால்வையோடு வந்து கடைசி வரிசையில் நின்றிருந்தாள். செல்வராசு அவளைப் பார்த்துவிட்டு, தாசில்தார் இருப்பதால் தாழ்ந்த குரலில் “துரோகி” என்றார்.

தலைவர் ஒடிசா கதையைச் சொன்னார். விமான டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழித்தேனாம் நான். அம்மா முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடத்தான் நினைத்திருந்தேன்.

“அவங்க என்னை வேணாம்னு சொல்லிட்டாங்க,” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். “நான் வேணாம்னு சொல்லல. ஒடிசாக்காரங்கதான் என்னை வேணாம்னு சொன்னாங்க.”

தலைவர் பாய்ந்து வந்து இன்னொரு மைக்கை எடுத்தார். “பாத்தீங்களா, எவ்ளோ தன்னடக்கம்!” என்றார். கூட்டம் எழுந்து கை தட்டியது. தாசில்தாரும் தட்டினார். நான் முன்பைவிடப் பெரிய லெஜண்ட் ஆகிக்கொண்டிருந்தேன்.

“அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்!” என்று கத்திவிட்டேன். “ஓட வுட்டாங்க. முப்பது பேர்ல இருபத்தொம்பதாவது வந்தேன். முப்பதாவது வந்தவளுக்குக் காய்ச்சல்!”

இலக்கியாதான் முதலில் சிரித்தாள். பிறகு எங்கள் பெண்கள் எல்லாரும். பிறகு ஹால் முழுக்க. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

“லூர்து செலக்ட் ஆனா. அதுக்குப் பேரு துரோகம்னா, அதைப் பண்ணத்தான் நானும் ரெண்டு நாள் ரயில்ல போனேன். துரோகம் பண்ற அளவுக்கு எனக்கு ஓட்டம் பத்தல. அவ்ளோதான். இது தெரிஞ்சும் அவ பத்து வருஷம் வாயைத் தொறக்கல. அவ படத்தை வெட்ட நான் கத்தரிக்கோல் குடுத்தேன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. லூர்து சால்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் போர்த்துவதா, எடுத்துக்கொண்டு போய்விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தலைவர் என் காதருகில் வந்து, “அப்ப இந்த ஷீல்டை என்னாம்மா பண்றது? செதுக்கிட்டாங்களே,” என்றார். பத்து வருடமாக அவர் ஊர் ஊராகச் சொன்ன கதை அது. என்னைவிட அவர்தான் அதை அதிகம் நம்பியிருந்தார். தாசில்தார் நேரமாகிவிட்டது என்று ஷீல்டை என் கையில் திணித்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அம்மா வீட்டுக்கு வந்து சேலையை மடித்துக்கொண்டே, “அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் உன்கூட ஒரு பாட்டம் அழுதிருப்பேன். தனியா எதுக்குடி அழுதுகினு இருந்த?” என்றாள்.

நான் அழவில்லை என்று சொன்னேன். நம்பவில்லை.

பிப்ரவரி 9

வலி: இரண்டு.

தலைவர் இன்னும் என்னோடு பேசவில்லை. மண்டபத்துச் சாப்பாடும் நின்றுவிட்டது. முகூர்த்த மாதத்தில் போய் உண்மையைப் பேசினாயே என்று பெண்கள் என்னைத் திட்டுகிறார்கள். லூர்துவும் ஃபோனை எடுக்கவில்லை. ஒன்பது முறை கூப்பிட்டேன்.

பிப்ரவரி 16

லூர்துவிடமிருந்து ஒரு செய்தி: ‘கத்தரிக்கோல் கோவம் தீர கொஞ்ச நாள் ஆவும். வெயிட்டு தூக்காம காலைக் கெடுத்துக்காத.’

இரவு ஒரு அண்டா சாம்பார் சாதம் வந்தது. ஏதோ வளைகாப்பில் மிஞ்சியதாம். தலைவர் அனுப்பினார். அணி என்னை மன்னித்துவிட்டது.

மார்ச் 22

வலி: ஆட்டத்துக்கு முன் பூஜ்யம், பின் ஆறு. ஆறு நன்றாகவே இருக்கிறது.

விழுப்புரத்தோடு ஆட்டம், எங்கள் மைதானத்தில். லூர்து தன் அணியோடு நடந்து வந்தாள். செல்வராசு பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நின்றுவிட்டதால் எதையாவது கத்தியாக வேண்டும். “லூர்து! உடம்பு போட்டுட்டம்மா!” என்று கத்தினார்.

“உன் கடை பஜ்ஜி துன்னாததாலதான்யா பத்து வருஷம் போடல!” என்று இவளும் கத்தினாள்.

எண்பத்துமூன்றாவது நிமிடம், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தோம். கோச் என்னை இறக்கினார். எனக்கு இருபத்தேழாம் நம்பர் பனியன். நான் உள்ளே ஓடும்போது கேலரி முழுக்க, “ஏ ஒடிசா! பாத்து ஓடு!” என்று ஒரே சத்தம். புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். லெஜண்டைவிட இது கூப்பிடச் சுலபம்.

லூர்து தன் அணியின் வேகமான பெண்ணை என் பக்கம் மாற்றிவிட்டாள். எனக்கு எங்கே பலவீனம் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போய் கோல் அடித்தாள். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் வந்த பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினேன், தோற்காமல் பிழைத்தோம்.

ஆட்டம் முடிந்ததும் அவள் முன்னால் போய் நின்றேன். “மன்னிச்சிடுன்னு கேக்கணும்னு நெனச்சேன். நீ அந்தப் பொண்ணை என் மேல ஏவிவுட்டதைப் பாத்த உடனே கேக்கத் தோணல.”

“வுடுடி. ஒண்ணுக்கு ஒண்ணு,” என்றாள்.

ஏப்ரல் 19

இலக்கியாவுக்குக் கேரளாவில் ஒரு பெரிய கிளப்பில் இடம் கிடைத்துவிட்டது. தேர்வுக்குப் போனதையே யாரிடமும் சொல்லவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே கழக அறையில் எல்லார் முன்னாலும் சொன்னாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அடுத்த வாரம் கிளம்புகிறாளாம்.

தலைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். முகம் கறுத்தது. “து...” என்று ஆரம்பித்தார்.

அறையில் இருந்த பதினான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். வாய்வரை வந்ததை அப்படியே நிறுத்தி, “தூரமாச்சேம்மா... பாத்துப் போ,” என்றார். டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, ஸ்டேஷனுக்கு அவளைத் தன் காரிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

எல்லாரும் கலைந்த பிறகு கோச்சிடம் போனேன்.

“சார், அப்ப அஞ்சாம் நம்பர் காலிதான?”

“உனக்கு எதுக்கும்மா அது? நீதான் லெஜண்டு ஆயிட்டியே.”

“அதான் இல்லன்னு மைக்லயே சொல்லிட்டேனே சார்.”